மனோவியாதிக்கு ஆத்மீக வைத்தியமா?

மனோவியாதிக்கும் குடிப்பழக்கத்திற்கும் டாக்டர் கொடுக்கும் மருந்தும் யோசனையும் மாத்திரம் போதாது, அதோடு ஆத்மீகமும் சேர்ந்தால்தான் மனிதன் பூரணமாகக் குணமடைவான் என்பதாக இப்பொழுது நாலா பக்கங்களிலும் ஒரு பேச்சு பலமாகக் கிளம்பியிருக்கின்றது. இதைச் சொல்லுகின்றவர்கள் பூசாரிகளும் மடாதிபதிகளும் மாத்திரமாக இருந்தால் நாம் இதற்காக ஒரு தலையங்கம் எழுத வேண்டிய அவசியமே ஏற்பட்டிருக்காது. பெரிய பட்டம் பெற்ற டாக்டர்களும், மனோதத்துவ நிபுணர்களும், மேல்நாட்டுச் சர்வகலாசாலைப் பண்டிதர்களுமே சொல்லுகின்றார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிர்வாக சபையிலேயே 1998-ம் வருஷத்தில், "சுகாதாரம்" என்பதற்குள்ள வியாக்கியானத்தில் சரீரம், மனம், சமூகம் என்கின்ற மூன்றோடு ஆத்மீகத்தையும் நாலாவதாகச் சேர்க்க வேண்டும் என்று சிபாரிசு செய்யப்பட்டது. அது மகாசபையில் நிறைவேறவில்லை. 1946-ல் எழுதிய வியாக்கியானமே இன்றும் இருந்து வருகின்றது. ஆனாலும் ஏட்டில் ஏறாதது ஊரில் ஏறிவிட்டது.

நமது பெரியநாயக்கன்பாளையம் பக்கத்திலோ இந்தச் சங்கதி புதிதல்ல. மில்லுக்கும் பவுண்டரிக்கும் போய்வருகின்ற ஒருவன் நாலு நாள் தூங்காமல் தானாகப் பேச ஆரம்பித்தால், வீட்டார் முதலில் போவது கருப்பராயன் கோயிலுக்கு. பிறகு குறி கேட்பது, கயிறு கட்டுவது, தாயத்து, செய்வினை எடுப்பது, வேப்பிலை அடி. வீட்டிலுள்ள ஆட்டுக்குட்டியும் காதிலுள்ள தோடும் போன பிறகுதான் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வரும். பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்தால் வேப்பிலைக்குப் பதிலாகக் கட்டணம் கட்டி நடக்கும் தியான முகாம். கருப்பராயனுக்குப் பதிலாக இங்கிலீஷ் பேசும் சாமியார். சரக்கு ஒன்றுதான், கடைதான் வேறு.

ஆகவே ஆத்மீகம் என்றால் என்ன, புத்தி கலங்கினவனுக்கு அது என்ன செய்கின்றது, செய்வதாகச் சொல்லப்படும் நன்மை உண்மையில் அதனால்தான் கிடைக்கின்றதா என்பவைகளைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் வெளியிடுகின்றோம். வாசகர்கள் நாம் சொல்லுவதாலேயே இதை ஒப்புக்கொள்ளாமல், தங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஆத்மாவுக்கு வியாதி வருமா?

ஆத்மா என்பது அழியாதது, மாறாதது, நோய் நொடி ஒட்டாதது என்றுதான் சாஸ்திரக்காரர்கள் சொல்லி வருகின்றார்கள். அப்படியானால் அதற்கு வைத்தியம் எதற்கு? வியாதி ஒட்டாத பொருளுக்கு மருந்து கொடுப்பது, பல் இல்லாத கோழிக்குப் பல்லைக் கட்டுவது போலாகாதா? வியாதி வந்தது மனத்துக்குத்தான், ஆத்மாவுக்கல்ல என்று சொல்லுவார்களானால், மனத்துக்குரிய வைத்தியத்தைச் செய்யவேண்டியதுதானே நியாயம்? நடுவில் ஆத்மா எங்கிருந்து வந்தது?

மனம் என்பது சரீரத்தை விட்டுத் தனியாக நிற்பதல்ல என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இரண்டு கிளாஸ் சாராயம் உள்ளே போனால் சாதுவானவன் சண்டைக்காரனாகின்றான். ஜுரம் ஏறினால் பெற்ற தாயையே யாரென்று கேட்கின்றான். பெல்லக்ரா என்கின்ற வியாதி வந்து புத்தி மாறிப்போனவர்கள் ஒரு காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் ஏராளமாகக் கிடந்தார்கள். அது உணவில் ஒரு சத்து இல்லாத குறை என்பது நிச்சயமாகி, 1937-ல் அந்தச் சத்து இன்னதென்று கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்தக் கூட்டம் மறைந்தது. மேகவியாதி முற்றிப் பைத்தியமானவர்களின் மூளைக்குள்ளேயே அந்தக் கிருமி இருப்பதை 1913-ல் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள்; பிறகு பென்சிலின் வந்தது. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் பைத்தியத்தின் உக்கிரத்தைத் தணிக்கின்றது என்று 1931-லேயே கல்கத்தாவைச் சேர்ந்த சென், போஸ் என்கின்ற இருவர் எழுதி வெளியிட்டார்கள். 1949-ல் லித்தியம், 1952-ல் குளோர்ப்ரோமசின். இவைகளில் ஒன்றாவது ஒரு ரிஷிக்கு அசரீரியாகக் கிடைத்ததல்ல. ஒருவர் செய்ததை மற்றொருவர் சோதித்துப் பார்த்து, தவறினதைத் தள்ளி, தேறினதை வைத்துக்கொண்டதால் கிடைத்தவை.

இதனால் மனோவியாதியெல்லாம் மூளையின் கோளாறு மாத்திரமே, மாத்திரை ஒன்றே போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. கடன், வேலை போவது, சாதி இழிவு, புருஷன் அடிப்பது, பிள்ளையைப் பறிகொடுப்பது ஆகிய இவைகளும் மனிதனை உடைக்கின்றன. அப்படி உடைந்தவனுக்குப் பேச்சும் துணையும் நியாயமும் வேண்டும். ஆனால் இவையெல்லாம் மனிதர் மனிதருக்குக் கொடுக்கக்கூடிய சாமான்களே ஒழிய, மேலுலகத்திலிருந்து வரவேண்டியவை அல்ல என்பதே நமது கட்சி.

ஏர்வாடியும் வேலாயுதம்பாளையம்புதூரும்

2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. அதற்குள் இருந்தவர்கள் மனோவியாதிக்காரர்கள். தர்காவில் தங்கினால் அவுலியா கனவில் உத்தரவு கொடுப்பார், வியாதி நீங்கும் என்று நம்பிச் சொந்த பந்துக்களால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அவர்களை வைத்திருந்த விடுதியோ தர்காவைச் சுற்றிப் பிழைப்புக்காகத் தனிப்பட்டவர்கள் நடத்தியவைகளில் ஒன்று. காலில் சங்கிலி போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மனோவியாதி விடுதிகளுக்கு லைசென்சு வேண்டும் என்கின்ற சட்டம் 1987-லேயே எழுதப்பட்டிருந்தது. 28 பிணம் விழுந்த பிறகுதான் சர்க்கார் அந்த விடுதிகளை மூடினார்கள். சுப்ரீம் கோர்ட்டும் தானாகவே விஷயத்தைக் கையிலெடுத்தது.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, "ஏனுங்க, ஒரு கெட்ட விடுதியைக் காட்டி எல்லாக் கோயிலையும் பழிக்கறது நாயமுங்களா? கோயில்ல தங்கித் தெளிஞ்சு வந்தவங்களை நானே கண்ணால பார்த்திருக்கறனுங்க" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு நாம் மழுப்பாமல் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம். ஏனென்றால் அவர் சொல்லுவதற்கு ஆதாரம் உண்டு.

தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்கின்ற ஊரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று. அங்கே வந்து தங்கிய மனோவியாதிக்காரர்கள் 31 பேரை 2000-ம் வருஷத்தில் பெங்களூர் நிம்ஹான்சைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் அவருடைய கூட்டாளிகளும் வந்த அன்றும் போகின்ற அன்றும் பரிசோதித்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிரசுரித்தார்கள். அங்கே மருந்து கிடையாது. சராசரி ஆறு வாரம் தங்கினார்கள். வியாதியின் குறிகளை அளக்கும் அளவுகோலில் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தது. இது புது மருந்துகள் சிலவற்றால் கிடைக்கும் குணத்துக்குச் சமமானது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

கடவுள் இல்லை என்கின்ற கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பதற்காக நாம் இதை மறைக்க வேண்டியதில்லை. உண்மைக்குப் பயந்து ஓடுகின்றவனுக்குப் பகுத்தறிவுவாதி என்கின்ற பேர் எதற்கு? வாஸ்தவமாகவே அவர்களில் அநேகர் தெளிந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். (தங்காதவர்கள் ஒரு கூட்டத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதும், சில வியாதிகள் ஏறி இறங்கும் சுபாவமுள்ளவை என்பதும் வேறு விஷயம்.) தெளிய வைத்தது எது என்பதுதான் கேள்வி.

அங்கே நடந்தது என்ன? பேய் ஓட்டுவது என்கின்ற தனிச் சடங்கு எதுவும் அங்கே நடக்கவில்லை. காலையில் சிறிது நேரம் பூஜை. மற்ற நேரத்தில் நோயாளி வாசல் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகளைச் செய்தான். கட்டணம் கிடையாது. வீட்டார் ஒருவர் கூடவே தங்கினார். அவனைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் விரட்டவில்லை. பயமில்லாத, ஆறுதலான இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டதே காரணமாக இருக்கலாம் என்றுதான் ஆராய்ச்சி செய்த டாக்டர்களே அபிப்பிராயப்பட்டார்கள்.

இப்பொழுது இரண்டு இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏர்வாடியிலும் நம்பிக்கை இருந்தது. வேலாயுதம்பாளையம்புதூரிலும் நம்பிக்கை இருந்தது. ஓர் இடத்தில் குணம். ஓர் இடத்தில் கரிக்கட்டை. இரண்டிலும் பொதுவாக இருந்த சாமான் எப்படி வித்தியாசத்துக்குக் காரணமாகும்? ஓர் இடத்தில் இருந்து மற்றோர் இடத்தில் இல்லாமற் போனது எது? பக்கத்தில் தாயோ அண்ணனோ இருந்தது, கையில் ஒரு வேலை இருந்தது, காலில் சங்கிலி இல்லாதது ஆகிய இவைதான். குணமும் இவைகளால் வந்ததாகத்தானே இருக்க வேண்டும்?

இதற்கு இன்னொரு ருஜுவும் உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனோவியாதி ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் என்பவர், நோயாளிகளின் குடும்பத்தாரை ஆஸ்பத்திரி மைதானத்திலேயே கூடாரம் அடித்துத் தங்க வைத்து, வியாதி இன்னதென்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, குணமானவர்களைக் கூட்டிப்போக வைத்தார். அதே காலத்தில் நமது வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியிலும் வீட்டார் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. வேலூரை நடத்துகின்றவர்கள் மதக்காரர்கள்தான்; ஆனால் வைத்தியம் என்னவோ மருந்தும், பேச்சும், கூட இருக்கும் குடும்பமும்தான். ஆகவே கோயிலில் நல்லதாக இருந்ததைக் கோயில் இல்லாமலே கொடுக்கலாம் என்பது பிரத்தியட்சமாகிவிட்டது. மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் அதிக நன்மை. அப்படியிருக்க, அம்மா ஊட்டிய சோற்றுக்கு அம்மிக்கல்லைக் கும்பிடுவானேன்?

குடியும் "மேலான சக்தியும்"

நிற்க, குடிப்பழக்கத்துக்கு வருவோம். ஆத்மீக வைத்தியக்காரர்கள் தங்களுக்குப் பெரிய ருஜுவாகக் காட்டுவது "ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்" என்கின்ற குடிமறந்தோர் சங்கத்தைத்தான். இது 1935-ல் அமெரிக்காவிலுள்ள ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்கின்ற ஷேர் மார்க்கெட்டுக்காரரும், டாக்டர் பாப் ஸ்மித் என்கின்ற வைத்தியரும் ஏற்படுத்தியது. 1939-ல் பன்னிரண்டு படிகளை வகுத்தார்கள். குடியின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது முதற்படி. என்னிலும் மேலான சக்தி ஒன்றே என்னைக் காக்கும் என்று நம்புவதும், என்னை அதனிடம் ஒப்படைப்பதும் அடுத்த படிகள்.

வில்சன் குடியை விட்டது எப்படி? 1934 டிசம்பரில் நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபொழுது அறை முழுவதும் வெள்ளை வெளிச்சம் தெரிந்ததாகவும், அது கடவுள் என்றும் அவர் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் அப்பொழுது அவருக்குக் கொடுத்துவந்த மருந்தோ பெல்லடோனா. அது நமது ஊமத்தை இனத்தைச் சேர்ந்த செடி. இரண்டிலும் உள்ள விஷச்சத்தும் ஒரே ஜாதி. ஊமத்தங்காய் தின்றவன் என்னென்ன பார்ப்பான் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகின்றோம். வில்சன் அதற்குப் பிறகு 1971-ல் சாகும்வரை குடிக்கவில்லை. அவருடைய சங்கமும் சும்மா இல்லை. 2020-ல் காக்ரேன் என்கின்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய 27 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்ததில், இந்தச் சங்கத்தோடு சேர்த்துவிடும் முறை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்றப் பேச்சு வைத்தியங்களுக்குக் குறைந்ததல்ல, சில வகையில் மேலானது என்றே தெரிந்தது.

அப்படியானால் கடவுள் ஜெயித்தாரா? அவசரப்படாமல் பார்ப்போம். அந்தச் சங்கத்திலே சேருகின்றவனுக்கு என்ன கிடைக்கின்றது? பணம் கேட்பதில்லை. பட்டமும் பதவியும் பார்ப்பதில்லை. தன்னைப் போலவே சாக்கடையில் விழுந்து எழுந்த ஒருவன் இவனைப் பார்த்து, "நானும் இப்படித்தான் இருந்தேன்" என்கின்றான். ராத்திரி பத்து மணிக்குக் கை நடுங்கும்பொழுது கூப்பிட ஒரு ஆள் இருக்கின்றான். பழைய குடிக் கூட்டாளிகள் போய்ப் புதிய கூட்டாளிகள் வருகின்றார்கள். சங்கத்தால் எப்படிக் குணம் வருகின்றது என்று ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதுவே: முக்கியமாகக் கூட்டாளிகள் மாறுவதும், என்னால் முடியும் என்கின்ற துணிவு ஏறுவதும்தான். முற்றிய குடிகாரர்கள் சிலருக்கு ஆத்மீக உணர்ச்சியும் துணை செய்திருக்கின்றது என்றும் கண்டார்கள். அதை நாம் மறுக்கவில்லை. நொண்டிக்கு எந்தக் கோல் கிடைத்தாலும் பிடுங்கக்கூடாது. ஆனால் அந்தக் கோல் இல்லாமல் ஒருவனும் நடக்கவே முடியாது என்று சட்டம் போடுவதைத்தான் ஆட்சேபிக்கின்றோம். குடி வழக்கில் மாட்டியவர்களையும் கைதிகளையும் இந்தச் சங்கத்துக்குப் போயே தீரவேண்டுமென்று கட்டாயப்படுத்தியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்கக் கோர்ட்டுகளே 1996-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

நம் ஊரில் இதே காரியத்தை மாலை போட்டுச் செய்கின்றார்கள். வருஷம் முழுவதும் குடிக்கின்றவன் 48 நாள் மாலை போட்டுக்கொண்டு ஒரு சொட்டுத் தொடுவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றின அன்று சாயங்காலமே கடை வாசலில் நிற்கின்றான். இதனால் விளங்குவது என்ன? 48 நாள் குடிக்காமல் இருக்கும் சக்தி அவனிடமே இருந்தது. கடைக்குப் போனது அவன் கால். போகாமல் நின்றதும் அவன் கால். ஆனால் நின்றதற்குரிய பெருமையைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு, விழுந்ததற்குரிய சிறுமையை மாத்திரம் தனக்கு வைத்துக்கொண்டான். ஜெயித்ததெல்லாம் சாமி கணக்கிலும் தோற்றதெல்லாம் தன் கணக்கிலும் எழுதிக்கொண்டே போனால் அவனுக்குத் தன்மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? 49-வது நாள் அவனோடு நிற்க ஒரு மனிதன் இருந்திருந்தால் அந்த 48 ஒரு வருஷமாகியிருக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லுவது நமது கடமை. பல வருஷமாகத் தினமும் அதிகமாகக் குடித்தவன் ஒரே நாளில் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் சிலருக்கு வலிப்பு வரும், பாம்பும் பூச்சியும் செத்துப்போனவர்களும் கண் முன் தெரிவதாகக் கத்துவான், உயிருக்கே ஆபத்தாகலாம். இது சாமி குற்றமும் அல்ல, பேயும் அல்ல; மூளை சாராயத்துக்குப் பழகிப்போனதன் பலன். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அதற்கு மருந்தும், தையமின் என்கின்ற சத்து ஊசியும் உண்டு. இதை அறியாமல் கோயில் தூணில் கட்டிப்போட்டு உயிரை விடுவது கொலைக்குச் சமானமாகும்.

"நான்" என்பது அகங்காரமா?

ஆத்மீக வைத்தியக்காரர்கள் எல்லோரும் முடிவில் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றார்கள். "நான்" என்பதை விட்டுவிடு, உன்னை ஒப்படைத்துவிடு, அகங்காரம் போனால் வியாதியும் போகும் என்கின்றார்கள். இந்த இடத்தில்தான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இருக்கின்றது.

நியூயார்க்கு ஷேர் மார்க்கெட்டில் தன்னை மிஞ்சியவன் இல்லை என்று திரிந்த ஒருவனுக்கு, "நீ ஒன்றும் பெரியவனல்ல" என்று சொல்லுவது மருந்தாக இருந்திருக்கலாம். ஆனால் பிறந்தது முதல் "நீ ஒன்றுமில்லை" என்பதையே கேட்டு வளர்ந்தவனுக்கு அதே மருந்தைக் கொடுக்கலாமா? பண்ணையத்தில் துண்டை இடுப்பில் கட்டி நின்றவனுக்கும், மாமியார் வீட்டில் வாய் திறக்காதவளுக்கும் ஒப்படைக்க "நான்" எங்கே மீதியிருக்கின்றது? ஏற்கெனவே பறித்துக்கொண்டதையே மறுபடியும் கேட்பதல்லவா இது? அமெரிக்காவிலேயே ஜீன் கிர்க்பாட்ரிக் என்கின்ற அம்மாள், பெண்களுக்கு வேண்டியது தாழ்மையல்ல, தங்கள் மதிப்பைத் தாங்களே உணர்வதுதான் என்று சொல்லி, 1970-களின் நடுவில் குடியை விடும் பெண்களுக்கென்று தனிச் சங்கமே ஏற்படுத்தினார்.

மனோவியாதி வந்தவன் முதலில் இழப்பது எதை? அவன் பேச்சுக்கு மதிப்புப் போகின்றது. "அவன் கிடக்கிறான்" என்கின்றார்கள். வேலை போகின்றது, சம்பளம் போகின்றது, கல்யாணப் பேச்சு நின்றுபோகின்றது, கடைசியில் பேரும் போய் "அந்தப் பைத்தியம்" என்றாகின்றது. மனிதனுக்குத் தான் என்கின்ற உணர்ச்சி தனக்குள்ளிருந்து மாத்திரம் வருவதில்லை. பிறர் தன்னை மனிதனாக நடத்துவதிலிருந்தும் வருகின்றது. ஆகவே குணமாவது என்பது தலையில் கேட்கும் சத்தம் நிற்பது மாத்திரமல்ல. இழந்த மதிப்பு திரும்புவதுமாகும். இதற்கு நாம் புதுப் பேர் தேட வேண்டியதில்லை. சுயமரியாதை என்று ஏற்கெனவே பேர் இருக்கின்றது.

இந்த வழியிலே நடந்த வைத்தியமும் உண்டு. ஆல்பர்ட் எல்லிஸ் என்கின்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், கடவுள் நம்பிக்கையில்லாதவர், 1955-ல் தாம் ஏற்படுத்திய பேச்சு வைத்தியத்துக்குப் பகுத்தறிவு வைத்தியம் என்றே பேர் வைத்தார். வேலை போன ஒருவன், "வேலை போனது, ஆகவே நான் மனிதனே அல்ல" என்று நினைத்து மூலையில் உட்காருகின்றான். வேலை போனது உண்மை. மனிதனே அல்ல என்பதற்கு என்ன ருஜு என்று டாக்டர் கேட்கின்றார். நாம் புராணத்தைக் கேட்கின்ற கேள்வியை அவர் நோயாளி தன்னைப் பற்றியே கட்டிக்கொண்ட புராணத்தைப் பார்த்துக் கேட்கச் சொல்லிக் கொடுத்தார். இதோடு ஆரோன் பெக் என்பவருடைய முறையும் சேர்ந்து, இன்று உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் நடந்து வருகின்றது. மூச்சைக் கவனித்து மனத்தை நிறுத்தும் பயிற்சியையும் 1979-ல் கபட்-ஜின் என்பவர் மாசாசூசெட்ஸ் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் மதச்சடங்கு இல்லாமலே நடத்தத் தொடங்கினார். ஆகவே பயிற்சி வேறு, மந்திரம் வேறு என்பதும் வெளியாகிவிட்டது.

இதிலும் ஒன்றை மறக்கக்கூடாது. கந்து வட்டிக்காரன் வாசலில் நிற்கின்ற வீட்டில் நினைப்பை மாத்திரம் திருத்தினால் வட்டி குறையாது. குடியை விட்டவன் வீட்டுக்கு வருகின்ற வழியிலே சர்க்காரே கடை வைத்து உட்கார்ந்திருந்தால் டாக்டர் பேச்சு எத்தனை நாள் நிற்கும்? 2003-ம் வருஷம் முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் மூலம் தானே நடத்தி, ஆஸ்பத்திரியில் குடிமறப்பு வார்டும் நடத்துகின்ற சர்க்காரின் யோக்கியதையைப் பற்றி வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

இயக்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மனோவியாதிக்காரனையும், கயிறு கட்டி வந்திருக்கும் அவன் தாயையும் பார்த்துச் சிரிப்பது பகுத்தறிவாகாது. அந்த அம்மாள் கோயிலுக்குப் போனது முட்டாள்தனத்தால் மாத்திரமல்ல. அவளுக்குக் கோயில் பக்கத்தில் இருந்தது, ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தது. கோயிலில் ஆறு வாரம் படுக்க இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று இரண்டு நிமிஷமும் ஒரு சீட்டும் கிடைத்தது. 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வியாதிக்குத் தகுந்தாற்போல் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரையில் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். இவ்வளவு பெரிய காலி இடத்தை வைத்துக்கொண்டு, அதில் சாமியார் வந்து குடியேறிவிட்டான் என்று கோபித்துக்கொள்வதில் என்ன பிரயோஜனம்? டாக்டர்களுக்கும் சொல்லுகின்றோம். நோயாளி சாமி கும்பிட்டால் அவனோடு வாதாட வேண்டாம். அவன் பலவீனமாகக் கிடக்கும் நேரத்தில் உங்கள் சாமியை அவன் தலையில் கட்டவும் வேண்டாம். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, உட்காரவைத்து, மருந்து இன்னது, எதற்கு என்று அவனிடமே சொல்லுங்கள்.

சட்டம் இப்பொழுது நம் பக்கத்தில் இருக்கின்றது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவின்படி மனோவியாதிக்காரனை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. மயக்க மருந்து கொடுக்காமல் மின்சார வைத்தியம் செய்யவும் கூடாது. சர்க்கார் செலவில் சிகிச்சை பெறுவதும், ஊரோடு சேர்ந்து மானத்தோடு வாழ்வதும் அவனுக்குள்ள உரிமைகள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக நடத்தாமல், தாங்க முடியாத துயரத்தில் இருந்தவனாகவே கருத வேண்டும் என்று 115-வது பிரிவு சொல்லுகின்றது. 2022 அக்டோபர் முதல் 14416 என்கின்ற நம்பருக்கு எந்த நேரத்திலும் இலவசமாக டெலிபோன் செய்து, தமிழிலேயே மனநல ஆலோசனை கேட்கலாம்.

ஆகவே ஒவ்வோர் ஊரிலுமுள்ள தோழர்கள், தங்கள் ஊரில் சங்கிலியிலோ பூட்டிய அறையிலோ யாராவது இருக்கின்றார்களா என்று விசாரிக்க வேண்டும். இருந்தால் அந்த வீட்டாரோடு சண்டை போடாமல், அவர்களோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், அன்றைய கூலி போவதற்கும் ஒரு வழி செய்ய வேண்டும். குடியை விட்டவர்கள் வாரம் ஒரு நாள் கூடி உட்கார நமது படிப்பகங்களைத் திறந்துவிட வேண்டும். அங்கே கடவுளைப் பற்றிய பேச்சே வேண்டாம், இல்லை என்கின்ற பிரசங்கமும் வேண்டாம். குணமாகி வந்தவனுக்கு மில்லிலோ பட்டறையிலோ பழைய வேலையைத் திரும்பக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் அவனை வாசலில் நிறுத்தாமல் நடுவில் உட்காரவைக்க வேண்டும்.

இவ்வளவையும் நாம் செய்துவிட்டு, பிறகு ஆத்மீகத்துக்கு இன்னும் என்ன வேலை மீதியிருக்கின்றது என்று அவர்களைக் கேட்போம்.